10 நிமிடத்தில் சிக்கும் ஆபத்தான ஈஸ்ட்: காட்டிக்கொடுப்பது அதன் 'சர்க்கரைச் சட்டை'!

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பூஞ்சையை, தலைவலி வருவதற்கு முன்பே ரத்தத்தில் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு உதவுவது ஒரு சர்க்கரை. எப்படி?

ஒரு கண்ணாடித் தகட்டில், நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த தண்டுவட நீர் ஒரு சொட்டு. அதோடு ஒரு சொட்டு கறுப்பு மை. இரண்டையும் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வெறும் கறுப்புதான். ஆனால் சில நேரம் அந்தக் கறுப்புக்கு நடுவே உருண்டை உருண்டையாகச் சில செல்கள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம். அந்த வளையத்தைப் பார்த்த லேப் டெக்னீஷியன், ரிப்போர்ட் டைப் செய்யும்வரை காத்திருக்க மாட்டார். நேராக டாக்டருக்கு போன்தான்.

ஏனென்றால், அது கிரிப்டோகாக்கஸ். மூளையைச் சுற்றியுள்ள உறைகளைத் தாக்கும் ஈஸ்ட். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. 2020-ம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்யப்பட்ட உலகளாவிய கணக்கீட்டின்படி, எச்ஐவி உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக்காய்ச்சல் வருகிறது. சுமார் 1,12,000 பேர் இறக்கிறார்கள். எய்ட்ஸ் தொடர்பான மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதனால்தான்.

இவ்வளவு பேர் இறக்கும் நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? இல்லை. கர்ப்பப் பரிசோதனைக்கு வாங்குவது போன்ற ஒரு சின்ன ஸ்ட்ரிப் போதும். 10 நிமிடத்தில் ரிசல்ட். அந்த ஸ்ட்ரிப் தேடுவது ஈஸ்ட்டை அல்ல. ஈஸ்ட் போட்டிருக்கும் சட்டையை. அந்தச் சட்டை நெய்யப்பட்டிருப்பது சர்க்கரையால்.

சர்க்கரையில் சட்டையா?

டீயில் போடும் சீனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். குளுக்கோஸ் போன்ற சின்னச் சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள் பூச்சரம் மாதிரி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டால் கிடைப்பதுதான் பாலிசாக்கரைடு. நாம் சாப்பிடும் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும், போட்டிருக்கும் பருத்திச் சட்டையில் இருக்கும் செல்லுலோஸும் பாலிசாக்கரைடுகளே. இரண்டிலும் இருப்பது அதே குளுக்கோஸ். கோத்த விதம்தான் வேறு. ஒன்று வயிற்றில் செரிக்கிறது, இன்னொன்று துணியாகிறது.

எந்தச் சர்க்கரை, எந்த வரிசையில், எந்தக் கோணத்தில், எத்தனை கிளைகளோடு கோக்கப்பட்டிருக்கிறது என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். அதனால், உடலில் கிடைக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்தே 'இது யாருடையது' என்று சொல்ல முடியும். யூனிஃபார்மைப் பார்த்து எந்த ஸ்கூல் என்று சொல்வது போலத்தான்.

கிரிப்டோகாக்கஸின் யூனிஃபார்மில் பெரும்பகுதி, ஏறக்குறைய 90 சதவீதம், ஒரே பொருள்: குளுகுரோனோசைலோமன்னான். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சுருக்கமாக 'ஜிஎக்ஸ்எம்'.

ஒளிந்துகொள்ளத்தான் சட்டை

இந்த ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது? புறா எச்சத்தில், மண்ணில், மரப்பொந்துகளில் இருக்கிறது. அதன் நுண்ணிய துகள்களை நாம் மூச்சில் இழுக்கிறோம். உலகம் முழுக்க ஏராளமானோர் தெரியாமலே இழுத்திருப்பார்கள். நல்ல எதிர்ப்பு சக்தி இருந்தால் நுரையீரலிலேயே கதை முடிந்துவிடும், அல்லது கிருமி ஓர் ஓரமாக அடங்கிக் கிடக்கும். எச்ஐவி முற்றியவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் போன்றோருக்குத்தான் ரத்தம் வழியாக மூளைவரை போய்விடுகிறது.

அங்கே அதைக் காப்பாற்றுவது அந்தச் சட்டைதான். நம் உடலில் காவல் வேலை பார்க்கும் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி அழிக்கும். ஆனால் ஜிஎக்ஸ்எம் சட்டை வழுவழுப்பாக, நீர் நிறைந்ததாக இருக்கிறது. வெள்ளை அணுக்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, ஈஸ்ட் இந்தச் சர்க்கரையை ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அது எதிர்ப்பு சக்தியின் வேலையையே மந்தமாக்கும்.

இங்கேதான் ட்விஸ்ட். உதிர்கிற அந்தச் சர்க்கரையேதான் லேப்புக்குக் கிடைக்கும் தடயம்.

மை டெஸ்ட் முதல் ஸ்ட்ரிப் வரை

ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்தக் கறுப்பு மை... அதற்குப் பெயர் 'இந்தியா இங்க்'. மையில் இருப்பது மிக நுண்ணிய கரித்துகள்கள். அவை ஈஸ்ட்டின் சர்க்கரைச் சட்டைக்குள் நுழைய முடியாது. அதனால் சட்டை இருக்கும் இடம் மட்டும் வெள்ளை வளையமாகத் தெரிகிறது. செலவு மிகக் குறைவு, 5 நிமிட வேலை. பல மருத்துவமனைகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. பார்ப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் நம்பியிருக்கிறது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எச்ஐவி உள்ளவர்களின் தண்டுவட நீரை வைத்து நடந்த, 2014-ல் வெளியான ஆய்வில், நோய் இருந்த 100 பேரில் சுமார் 86 பேரை மட்டுமே மை டெஸ்ட் பிடித்தது. கிருமி குறைவாக இருந்தவர்களில் பாதிப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை. சிகிச்சை நன்றாக வேலை செய்யக்கூடிய ஆரம்பக் கட்டத்தில்தான் இந்த டெஸ்ட் அதிகமாகக் கோட்டை விடுகிறது.

1960-களில் அடுத்த படி. கண்ணால் செல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, உதிர்ந்த சர்க்கரையையே தேடினால் என்ன? சர்க்கரையை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடியை நுண்ணிய லேடெக்ஸ் மணிகளில் பூசினார்கள். மாதிரியில் ஜிஎக்ஸ்எம் இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகும், பால் திரிவது மாதிரி. டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். ஆனால் மாதிரியைச் சூடாக்க வேண்டும், குளிர்பதன வசதி வேண்டும், பழகிய ஆள் வேண்டும். கிராமப்புற மருத்துவமனைக்கு எட்டவில்லை.

பிறகு வந்ததுதான் ஸ்ட்ரிப். 2011-ல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி பெற்றது. கோவிட் காலத்தில் வீட்டிலேயே செய்தோமே ரேபிட் டெஸ்ட், அதே டெக்னிக். ஒரு சொட்டு மாதிரியில் ஸ்ட்ரிப்பின் முனையை வைத்தால், நீர் தானாக மேலே ஏறும். வழியில் தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் ஜிஎக்ஸ்எம்மைப் பிடித்துக்கொள்ளும். டெஸ்ட் கோட்டில் இருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதை மடக்கி நிறுத்தும். தங்கத் துகள்கள் அங்கே குவிவதால் கோடு தெரியும். இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ். கன்ட்ரோல் கோடு மட்டும் என்றால் நெகட்டிவ். அவ்வளவுதான் மேட்டர்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம், மெஷின் வேண்டாம், கரன்ட் வேண்டாம். அதே 2014 ஆய்வில், நோய் இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்களை இது பிடித்தது.

22 நாள் முன்னிலை

துல்லியத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: நேரம்.

ஈஸ்ட் மூளையைத் தொந்தரவு செய்வதற்கு முன்பே அதன் சர்க்கரை ரத்தத்தில் கலந்துவிடுகிறது. உகாண்டாவில் எச்ஐவி உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதை நாள் கணக்கில் காட்டியது. அறிகுறி தொடங்குவதற்குச் சராசரியாக 22 நாள் முன்பே ரத்தத்தில் சர்க்கரை தெரிந்தது. சிலருக்கு 100 நாளுக்கும் முன்பே.

அதாவது, தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் விரல் நுனி அளவு ரத்தம் போதும், வரப்போவதைச் சொல்லிவிடும். அப்போதே ஃப்ளூகோனசோல் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் மூளைக்காய்ச்சலைத் தடுக்க வாய்ப்பு அதிகம். தலைவலி வந்த பிறகு என்றால், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றி, முதுகிலிருந்து திரும்பத் திரும்ப நீர் எடுக்க வேண்டிவரும்.

இதற்கு நடைமுறை ஆதாரமும் உண்டு. தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த எச்ஐவி நோயாளிகள் சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு இந்தச் சர்க்கரைப் பரிசோதனையும், முதல் சில வாரங்கள் வீடு தேடிப் போய் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்கும் ஆதரவும். இரண்டாவது பிரிவில் இறப்பு 28 சதவீதம் குறைந்தது.

ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒரு சர்க்கரை

கிரிப்டோகாக்கஸ் மட்டும்தான் இப்படிச் சிக்குமா? இல்லை. லேப்கள் வேறு சில சர்க்கரைகளையும் தேடுகின்றன.

• பீட்டா-டி-குளுக்கான்: கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் உட்படப் பல பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடு. இதைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படுவது குதிரை லாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு பொருள். அந்த நண்டின் ரத்தம் பூஞ்சைச் சர்க்கரையைத் தொட்டதும் உறையத் தொடங்கும். அந்த இயல்பையே டெஸ்ட்டாக மாற்றிவிட்டார்கள்.

• கேலக்டோமன்னான்: ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் அடையாளம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் அதிகம் தேடப்படுவது.

• மன்னான்: கேண்டிடா ஈஸ்ட்டின் வெளிச்சுவரில் இருப்பது.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்த டெஸ்ட் எதைப் பார்க்காது என்பதைத்தான். பீட்டா-குளுக்கான் டெஸ்ட் 'ஏதோ ஒரு பூஞ்சை இருக்கலாம்' என்று மட்டும்தான் சொல்லும், எது என்று சொல்லாது. கிரிப்டோகாக்கஸை அது நம்பகமாகக் காட்டாது. 2021-ல் இந்தியாவை உலுக்கிய கறுப்புப் பூஞ்சை நினைவிருக்கிறதா? அதை உண்டாக்கும் மியூகோர் வகைப் பூஞ்சைகள் பீட்டா-குளுக்கான், கேலக்டோமன்னான் இரண்டு டெஸ்ட்டிலும் சிக்காது. 'பூஞ்சை டெஸ்ட் நெகட்டிவ்' என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்தால் ஆபத்து. எந்தச் சர்க்கரைக்கு நெகட்டிவ் என்பதுதான் கேள்வி.

சர்க்கரை பொய் சொல்லுமா?

சொல்லும், சில நேரம்.

டிரைக்கோஸ்போரான் என்று இன்னொரு ஈஸ்ட் இருக்கிறது. அதன் சட்டையும் கிட்டத்தட்ட அதே டிசைன். அதனால் கிரிப்டோகாக்கஸ் டெஸ்ட்டில் அதுவும் பாசிட்டிவ் காட்டலாம். பீட்டா-குளுக்கான் கதை இன்னும் சிக்கல். அறுவை சிகிச்சையில் வைக்கும் பஞ்சுத் துணி, சில வகை டயாலிசிஸ் ஃபில்டர், ரத்தத்திலிருந்து தயாரிக்கும் சில மருந்துகள் ஆகியவற்றிலிருந்தும் குளுக்கான் ரத்தத்தில் கலக்கும். பூஞ்சையே இல்லாமல் டெஸ்ட் எகிறும்.

இதில் ஒரு சுவாரசியம். கிருமி வளர்க்கும் தட்டுகளில் ஜெல்லி மாதிரி இருப்பது அகர். ரம்ஜான் நேரத்தில் பல வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அதே பொருள்தான். கடல்பாசியிலிருந்து எடுக்கும் பாலிசாக்கரைடு. 1881-ல் ஜெர்மனியில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸுக்கு இந்த யோசனையைக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ். வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய பொருள் அது. லேப்பில் ஈஸ்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் இந்த அகரே ஒருமுறை பொய் ரிசல்ட்டும் கொடுத்திருக்கிறது. அகர் தட்டில் கசியும் நீர், மாதிரி எடுக்கும் கம்பி வளையத்தில் ஒட்டி, பழைய லேடெக்ஸ் டெஸ்ட்டில் போலி பாசிட்டிவ் வரக் காரணமானதை 1985-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மாதிரியில் சர்க்கரை அளவுக்கு மீறி இருந்தால், ஆன்டிபாடிகள் திணறிப்போய் கோடு மங்கலாகவோ வராமலோ போகலாம். அறிகுறி பலமாக இருந்து டெஸ்ட் நெகட்டிவ் என்றால், மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி பார்ப்பது அதனால்தான்.

பெயர் தெரிந்தால்தான் மருந்து

சர்க்கரை டெஸ்ட் துப்பு கொடுக்கும். முழு அடையாளத்துக்கு ஈஸ்ட்டை வளர்த்தே பார்க்க வேண்டும். சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் முளை விடுவது கேண்டிடா அல்பிகன்ஸ். பேயெள்ளு விதையின் சாறு சேர்த்த தட்டில் பழுப்பாக மாறுவது கிரிப்டோகாக்கஸ். எந்தெந்தச் சர்க்கரையைச் சாப்பிடுகிறது என்று பார்த்து அடையாளம் சொல்லும் ஆட்டோமேட்டிக் மெஷின்களும் உண்டு.

அந்த மெஷின்களும் ஏமாந்திருக்கின்றன. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்த புதிய ஈஸ்ட்டுக்கு கேண்டிடா ஆரிஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா உட்படப் பல நாடுகளின் மருத்துவமனைகளில் அது தலைகாட்டியபோது, மெஷின்களின் டேட்டாபேஸில் அந்தப் பெயரே இல்லை. கேண்டிடா ஹீமுலோனி போன்ற சொந்தக்காரர்களின் பெயரில் ரிப்போர்ட் போனது. இன்று மால்டி-டாஃப் என்ற முறையில், ஈஸ்ட்டின் புரதங்களை எடை பார்த்துச் சில நிமிடங்களில் சரியான பெயரைச் சொல்ல முடிகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், உயிரே இருக்கிறது. பூஞ்சைக்கான மருந்துகளில் எக்கினோகேண்டின் என்று ஒரு குடும்பம் உண்டு. பூஞ்சை பீட்டா-குளுக்கான் தயாரிப்பதையே இது தடுக்கும். கேண்டிடா ஆரிஸுக்கு முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் கிரிப்டோகாக்கஸிடம் இந்த மருந்து பலிக்காது. ஃப்ளூகோனசோல் தலைகீழ்: கிரிப்டோகாக்கஸுக்கு எதிராகப் பயன்படும், ஆரிஸ் பெரும்பாலும் அதற்கு அசையாது. இரண்டும் ஈஸ்ட்தான். ஒன்றை இன்னொன்றாக நினைத்தால் மருந்தே மாறிப்போகும்.

பாசிட்டிவ் வந்தால் என்ன நடக்கும்?

ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அங்கே கிருமி இல்லையென்றால் மாத்திரை. இருந்தால் தீவிர சிகிச்சை. முன்பு பல நாள் தொடர்ந்து ஏற்றிய ஆம்போடெரிசின் மருந்தை, லைபோசோமல் வடிவில் ஒரே ஒரு பெரிய டோஸாகக் கொடுத்து, கூடவே இரண்டு வாரம் மாத்திரைகள் தரும் முறையை 2022-ல் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வில் பழைய முறைக்குச் சமமாக வேலை செய்து, பக்கவிளைவும் குறைவாக இருந்ததே காரணம்.

ஒரு எச்சரிக்கை: சிகிச்சை முடிந்த பிறகும் இந்தச் சர்க்கரை உடலில் மாதக்கணக்கில் இருக்கும். மறுபடி டெஸ்ட் எடுத்து 'இன்னும் பாசிட்டிவ்' என்று பயப்படத் தேவையில்லை. குணமானதா என்பதை இந்த ஸ்ட்ரிப்பை வைத்து முடிவு செய்வதில்லை.

யார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

• எச்ஐவி இருந்து, சிடி4 அளவு 100-க்குக் கீழே இருப்பவர்கள். 200-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

• மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் ஏஆர்டி மையத்துக்கு வருபவர்கள்.

• எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களில், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம் இருப்பவர்கள்.

மற்றவர்கள் சும்மா செய்து பார்க்கும் டெஸ்ட் அல்ல இது. தலைவலி வந்தவர்கள் எல்லாம் புறாவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

டெஸ்ட் இருந்தும் ஏன் இத்தனை சாவு?

யாருக்குச் செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தானே செய்ய முடியும்? அதற்கு சிடி4 எண்ணிக்கை வேண்டும். 2015-ல் 'எச்ஐவி உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து' என்ற கொள்கைக்கு உலகம் மாறியது. நல்ல முடிவு, பல உயிர்களைக் காத்த முடிவு. ஆனால் அதன் நிழலில் பல நாடுகளில் சிடி4 பரிசோதனை செய்வதே குறைந்துபோனது. மருந்து தொடங்க அந்த எண் தேவையில்லையே, பிறகு எதற்கு என்ற எண்ணம்.

அந்த எண் இல்லாததால், எதிர்ப்பு சக்தி அடிமட்டத்துக்குப் போனவரும் நன்றாக இருப்பவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவரின் ரத்தத்தில் ஈஸ்ட் தன் சர்க்கரையை உதிர்க்க ஆரம்பித்திருக்கலாம். 22 நாள் அவகாசம் அவருக்கும் இருக்கிறது. சிடி4 எவ்வளவு என்று யாராவது ஒருவர் பார்த்தால்தான் அது பயன்படும்.